வலியெல்லாம் இல்லீங்க, கடுப்புத்தான்

அன்புள்ள ஐயா,

பெருந்துறைப் பக்கம் பிசியோதெரபி மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். வகுப்பில் நாலு பேரை மட்டும் ஆறு வாரத்துக்கு வார்டுக்கு அனுப்பாமல் ஆராய்ச்சியில் போட்டுவிட்டார்கள். தறிக்குடோன்களுக்குப் போய், உடம்பில் எங்கெங்கே வலி என்று கேட்கும் ‘நார்டிக்’ கேள்வித்தாளை நிரப்பி வந்து எக்ஸெலில் ஏற்ற வேண்டும். மற்றவர்கள் நோயாளிகளைத் தொட்டுப் பழகுகிறார்கள். அப்பா “இதுக்கா பீஸ் கட்டினேன்” என்கிறார். மாற்றித் தரச் சொல்லிக் கேட்கலாமா?

பெயர் வேண்டாம்.

*

அம்மிணி,

கேட்காதீர்கள். அப்பாவின் கோபம் புரிகிறது, படிக்கிற காலத்தில் நானும் ஒரு மருத்துவமனையில் இப்படி மாட்டியவன்தான். ஒரு மாதம் பழைய கேஸ் ஷீட்டைப் பார்த்து நம்பர் தட்டினேன், எதற்கென்று யாரும் சொல்லவில்லை. அது சம்பளமில்லாத டைப்பிஸ்ட் வேலை. நீங்கள் ஆட்களிடம் போய்க் கேட்கிறீர்கள், அது வேறு.

அந்தத் தாள் 1987இல் வந்தது. உடம்பை 9 பகுதியாகப் பிரித்து, கடந்த 12 மாதத்தில் அங்கே தொந்தரவு இருந்ததா என்று கேட்கும். சில வருடம் முன் சோமனூர்ப் பக்கம் ஒரு குடோனில் இதைக் கொண்டுவந்த மாணவனோடு நானும் நின்றேன். தறிச் சத்தத்தில் காதோரம் குனிந்து கத்தினால்தான் கேட்கும். “கீழ்முதுகில் வலி அல்லது அசௌகரியம் இருந்ததா?” என்று வாசித்தான். அறுந்த இழையை முடிபோட்டுக்கொண்டே அந்த அம்மா, “வலியெல்லாம் இல்லீங்க கண்ணு” என்றார். ‘இல்லை’யில் டிக் போட்டுவிட்டான். அடுத்த தறிக்குத் திரும்பும்போது அவர் கையை இடுப்பில் ஊன்றி ஒரு நொடி நின்றார். என்னங்க என்று கேட்டேன். “அது கடுப்புங்க. ராத்திரி படுத்தா குடையும். தறி ஓட்டுனா எல்லார்த்துக்கும் இருக்கறதுதானுங்களே.”

அசௌகரியம் என்று நம் ஊரில் யார் சொல்கிறார்கள்? கடுப்பு, குடைச்சல், உளைச்சல், பிடிப்பு, மரமரப்பு என்று ஆளுக்கொரு சொல் இருக்கிறது, தாளில் ஒன்றுகூட இல்லை. இது உங்கள் காதில்தான் விழும். நாளைக்கு வார்டில் ஒருவர் ‘மரமரப்பு’ என்றால் நரம்பைப் பார்க்க வேண்டும் என்று உடனே தோன்றுவதும் இங்கே கேட்டுப் பழகித்தான்.

அதற்காக நீங்களாகவே கேள்வியை மாற்றிவிடாதீர்கள். நேற்றுவரை கேட்டவர்களும் இன்று கேட்கிறவர்களும் இரண்டு வேறு கேள்விக்குப் பதில் சொன்னவர்களாகிவிடுவார்கள், நாலு பேரும் நாலு விதமாகக் கேட்டால் அந்த எக்ஸெல் குப்பைதான். அவர்கள் சொன்ன சொல்லை ஓரத்தில் அப்படியே எழுதி வைத்து கைடிடம் காட்டுங்கள். மாற்றுவதென்றால் அவர் எதிக்ஸ் கமிட்டியிடம் சொல்லி அனுமதி வாங்கித்தான் மாற்ற வேண்டும். காட்டியும் கண்டுகொள்ளாத கைடு என்றால், சரி, அப்போது வார்டுக்கு மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள்.

அப்புறம் ஒன்று. முதலாளி பக்கத்தில் நிற்கும்போது ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்காதீர்கள், அவர்களால் மாட்டேன் என்று சொல்ல முடியாது. டீ குடிக்க வெளியே வருவார்கள், அப்போது கேளுங்கள்.