வாசகர் கேள்வி – பதில்: அந்த 2035 எங்கிருந்து வந்தது?

புவி வெப்பமாதல் பற்றி வந்திருக்கும் கடிதங்களில் பெரும்பாலானவை ‘யாரைத்தான் நம்புவது?’ என்றே முடிகின்றன. ஆளைப் பார்த்து நம்புவதைவிடக் கணக்கைப் பார்த்து நம்புவது நல்லது. அதனால் முடிந்த இடத்திலெல்லாம் கணக்கையே கொடுத்திருக்கிறோம்.

கேள்வி: இமயமலைப் பனியாறுகள் 2035-க்குள் அழிந்துவிடும் என்று ஐ.நா. குழு எழுதியது. பிறகு அவர்களே அது தவறு என்றார்கள். இப்படி மாட்டிக்கொண்டவர்கள் சொல்லும் மற்றதை மட்டும் எப்படி ஏற்பது? (வாசகர், மதுரை)

தவறு நடந்தது உண்மை. சின்னத் தவறும் அல்ல. அதை மூடி மறைக்காமல் பிரித்துப் பார்த்தால்தான் உங்கள் கேள்விக்குப் பதில் கிடைக்கும்.

ஐ.பி.சி.சி. என்னும் பன்னாட்டுக் காலநிலைக் குழு 2007-ல் தன் நான்காவது அறிக்கையை வெளியிட்டது. அதன் இரண்டாம் தொகுதியில், ஆசியாவைப் பற்றிய பத்தாம் அத்தியாயத்தில் அந்த வரி இருக்கிறது. ஒரு பென்சிலை எடுத்துக்கொண்டு அந்தப் பகுதியைப் படியுங்கள். இமயமலைப் பனியாறுகளின் பரப்பு ஏறக்குறைய 30 லட்சம் ஹெக்டேர் என்று தொடங்குகிறது. நூறு ஹெக்டேர் ஒரு சதுர கிலோமீட்டர். ஆக, 30,000 சதுர கிலோமீட்டர். கொஞ்சம் தள்ளிப் போனால், 2035-க்குள் மொத்தப் பரப்பு 5,00,000 சதுர கிலோமீட்டரிலிருந்து 1,00,000 ஆகக் குறையும் என்று வருகிறது. இருப்பதே முப்பதாயிரம் என்றால் ஐந்து லட்சம் எங்கிருந்து வந்தது? அழிந்தே போகும் என்று சொன்ன பிறகு ஒரு லட்சம் எப்படி மிஞ்சும்?

கூடவே உள்ள அட்டவணையையும் பாருங்கள். உத்தராகண்டின் பிண்டாரி பனியாறு 1845 முதல் 1966 வரை 2,840 மீட்டர் பின்வாங்கியது, அதாவது ஆண்டுக்கு 135.2 மீட்டர் என்று போட்டிருக்கிறார்கள். 1845-க்கும் 1966-க்கும் இடையில் 121 ஆண்டுகள். 2,840-ஐ 121-ஆல் வகுத்தால் 23.5 தான் வரும். 21-ஆல் வகுத்தால் 135.2 வருகிறது. வகுக்கும்போது ஒரு நூறு விட்டுப்போயிருக்கிறது!

2035 என்ற எண் வந்த வழி இன்னும் மோசம். 1999-ல் ஓர் அறிவியல் வார இதழில் வந்த பேட்டிச் செய்தி, 2005-ல் டபிள்யூ.டபிள்யூ.எஃப். என்ற இயற்கைப் பாதுகாப்பு அமைப்பின் அறிக்கைக்குப் போனது, அங்கிருந்து ஐ.பி.சி.சி.க்கு வந்தது. நடுவில் எந்த இடத்திலும் சக ஆய்வாளர்கள் சரிபார்த்த கட்டுரை கிடையாது. ஐந்து லட்சம், ஒரு லட்சம் என்ற எண்களோ 1996-ல் ரஷ்யப் பனியாற்று ஆய்வாளர் கொட்லியாகோவ் எழுதியவை. அவர் சொன்னது இமயமலையைப் பற்றி அல்ல, துருவங்களுக்கு வெளியே உலகிலுள்ள எல்லாப் பனியாறுகளையும் பற்றி. அவர் குறித்த ஆண்டு 2350. வெளியாகும் முன்பே மதிப்பீட்டாளர் ஒருவர் ‘அழியும் என்பதும் ஒரு லட்சம் மிஞ்சும் என்பதும் முரண்’ என்று எழுதியிருந்தார். அத்தியாயத்தை எழுதியவர்கள் அதை உரிய அக்கறையோடு கவனிக்கவில்லை.

இந்தியாவில் நடந்தது இதைவிட வருத்தம் தருகிறது. 2009 நவம்பரில் அன்றைய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ், இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் உயர் பொறுப்பில் இருந்த வி.கே. ரைனாவின் ஆய்வறிக்கையை வெளியிட்டார். பனியாறுகள் இவ்வளவு வேகமாக உருகுவதற்குச் சான்று இல்லை என்றது அது. அப்போதைய ஐ.பி.சி.சி. தலைவர் ஆர்.கே. பச்சௌரி அதை ‘வூடூ அறிவியல்’, அதாவது மாந்திரீகம் போன்றது என்று ஒதுக்கினார். இரண்டே மாதத்தில், 2010 ஜனவரியில், ஐ.பி.சி.சி. வருத்தம் தெரிவித்தது. எங்கள் பார்வையில், எண்ணில் வந்த பிழையைவிடக் கேட்டவரை ஏளனம் செய்ததே பெரிய கேடு. மக்கள் நினைவில் நின்றது அந்த ஏளனம்தான்.

ஆனால் பிழையைக் கண்டுபிடித்து மூலம் வரை போனது யார்? கனடாவின் ட்ரென்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிரஹாம் காக்லியும் மற்றப் பனியாற்று ஆய்வாளர்களும். புவி வெப்பமாவதை ஏற்றுக்கொண்ட, அதே துறைக்காரர்கள். அதே அறிக்கையின் முதல் தொகுதியில் பனியாறுகள் பற்றி அத்துறை வல்லுநர்கள் எழுதிய அத்தியாயத்தில் இந்த 2035 இல்லவே இல்லை. துறை தெரிந்தவர் எழுதிய இடத்தில் பிழை இல்லை, இரவல் வாங்கிய இடத்தில் பிழை.

சரி, பனி உருகுகிறதா? உருகுகிறது. அமெரிக்கா பனிப்போர்க் காலத்தில் எடுத்த உளவுச் செயற்கைக்கோள் படங்களைப் பின்னாளைய படங்களோடு ஒப்பிட்டு, இமயமலையில் 2,000 கிலோமீட்டர் நீளத்துக்கு 650 பனியாறுகளை அளந்த ஆய்வு 2019-ல் வந்தது. 1975 முதல் 2000 வரை ஆண்டுக்கு 22 சென்டிமீட்டர் நீருக்குச் சமமான கனம் குறைந்தது; 2000-க்குப் பிறகு 43 சென்டிமீட்டர். ஏறக்குறைய இரண்டு மடங்கு. இருநூறு மீட்டர் கனமுள்ள பனி இந்த வேகத்தில் 2035-க்குள் மறையாது. அதற்காக அமைதியாக இருந்துவிடவும் முடியாது.

கேள்வி: பழைய வெப்பநிலைப் பதிவுகளை விஞ்ஞானிகள் ‘திருத்துகிறார்களாமே’? அது மோசடி இல்லையா? செயற்கைக்கோள் அளவு வேறு மாதிரிச் சொல்கிறது என்கிறார்களே? (வாசகர், கோயம்புத்தூர்)

திருத்துகிறார்கள்; திருத்தாவிட்டால்தான் தவறு. கப்பலில் கடல்நீரின் வெப்பத்தை அளந்த விதத்தைப் பாருங்கள். வாளியைக் கயிற்றில் கட்டிக் கடலில் இறக்கி, மேலே இழுத்து, அதற்குள் வெப்பமானியை விடுவார்கள். கித்தான் வாளியாக இருந்தால் பக்கமெல்லாம் நீர் கசிந்து காற்றில் ஆவியாகும். மண்பானைத் தண்ணீர் குளிர்வதுபோல அதுவும் குளிர்ந்துவிடும். மர வாளியில் அவ்வளவு குளிராது. பிறகு எஞ்சினைக் குளிர்விக்க உள்ளே இழுக்கும் நீரை அளந்தார்கள். எஞ்சின் அறைச் சூட்டில் அது கொஞ்சம் கூடுதலாகவே காட்டும். இரண்டாம் உலகப் போரின்போது பதிவுகளில் பெரும்பகுதி எஞ்சின் நீரை அளந்த அமெரிக்கக் கப்பல்களிலிருந்து வந்தவை. 1945-ல் போர் முடிந்ததும் வாளி பயன்படுத்திய பிரிட்டிஷ் கப்பல்களின் பங்கு கூடியது. வரைபடத்தில் கடல் திடீரென்று 0.3 டிகிரி குளிர்ந்ததுபோல் ஒரு பள்ளம் விழுந்தது. கடல் குளிரவில்லை, அளக்கும் முறைதான் மாறியது. 2008-ல்தான் இது தெளிவானது.

இங்கே பலருக்குத் தெரியாத ஒன்று: வாளிக் கணக்கைச் சரிசெய்யும்போது பழைய கடல் அளவுகள் மேலே போகின்றன. பழையது உயர்ந்தால் இன்றைக்கும் அன்றைக்கும் உள்ள வித்தியாசம் குறையும். நிலம், கடல் இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், திருத்தத்துக்குப் பிறகு நூறாண்டு வெப்ப உயர்வு குறைவாகத்தான் தெரிகிறது. ஏற்றிக் காட்ட நினைப்பவர் இப்படித் திருத்த மாட்டார்.

செயற்கைக்கோளில் வெப்பமானி கிடையாது. காற்றிலுள்ள ஆக்சிஜன் வெளியிடும் நுண்ணலையை அளந்து, அதிலிருந்து வெப்பநிலையைக் கணக்கிடுகிறார்கள். அலபாமா பல்கலைக்கழகத்தின் ஜான் கிறிஸ்டியும் ராய் ஸ்பென்சரும் 1990-களில் காட்டிய கணக்கில் வளிமண்டலம் சூடாகவே இல்லை. 1998-ல் ஒரு குறை தெரிந்தது: செயற்கைக்கோள்கள் காற்று உராய்வால் மெல்லக் கீழே இறங்கிக்கொண்டிருந்தன, அதைக் கணக்கில் சேர்க்கவில்லை. 2005-ல் இன்னொன்று: செயற்கைக்கோள் ஓரிடத்தைக் கடக்கும் நேரம் ஆண்டுக்கு ஆண்டு நகர்கிறது, அதற்கான வெப்பமண்டலத் திருத்தத்தில் கூட்டல் கழித்தல் குறியே மாறியிருந்தது. அவர்கள் ஒப்புக்கொண்டு திருத்தினார்கள். அது பாராட்ட வேண்டியது. இன்று அவர்களின் சொந்தக் கணக்கே பத்தாண்டுக்கு சுமார் 0.15 டிகிரி உயர்வைக் காட்டுகிறது.

வெப்பநிலை அளக்கும் நிலையங்களைச் சுற்றி நகரம் வளர்ந்ததால்தான் சூடு கூடியதுபோல் தெரிகிறது என்ற வாதத்தையும் சோதித்துவிட்டார்கள். பழைய பதிவுகளை நம்பாத இயற்பியலாளர் ரிச்சர்ட் முல்லர், 36,000-க்கும் மேற்பட்ட நிலையங்களின் பதிவுகளோடு பெர்க்லியில் புதிதாகக் கணக்கிட்டார். நன்கொடையாளர்களில் எண்ணெய்த் தொழிலதிபர் சார்லஸ் கோக்கின் அறக்கட்டளையும் ஒன்று. 2012-ல் வந்த முடிவு: 250 ஆண்டுகளில் நிலப்பரப்பு சுமார் 1.5 டிகிரி சூடாகியிருக்கிறது, ஏறக்குறைய முழுக் காரணமும் மனிதச் செயல்தான்.

கேள்வி: 97 சதவீதம் விஞ்ஞானிகள் ஏற்கிறார்கள் என்கிறீர்கள். 31,000 விஞ்ஞானிகள் மறுத்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்களே? (வாசகி, திருநெல்வேலி)

இரண்டு எண்ணிலும் ‘யார்’ என்று கேளுங்கள்.

நீங்கள் சொல்லும் கையெழுத்துகள் ‘ஒரேகான் மனு’ என்பதில் உள்ளவை. அதில் 31,487 அமெரிக்கர்களின் பெயர்கள் உள்ளன. கையெழுத்திட அறிவியல் சார்ந்த இளநிலைப் பட்டம் போதும். பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் பொறியியல், பொது அறிவியல் பிரிவில் வருகிறார்கள்; மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் மருத்துவத் துறை. காலநிலையியல் என்று அவர்களே பிரித்துக் காட்டிய பிரிவில் இருப்பவர்கள் 39 பேர். 1998-ல் மனுவோடு அனுப்பிய கட்டுரை அமெரிக்க தேசிய அறிவியல் கழகத்தின் ஆய்விதழ்போலவே அச்சிடப்பட்டிருந்தது. தங்களுக்கும் இதற்கும் தொடர்பில்லை என்று கழகமே அறிக்கை விட வேண்டியதாயிற்று.

97-ஐயும் அப்படியே விழுங்க வேண்டாம். 2013-ல் ஜான் குக் என்ற ஆய்வாளரின் குழு, காலநிலை பற்றிய 11,944 ஆய்வுக் கட்டுரைகளின் சுருக்கங்களைப் படித்தது. அவற்றில் 66.4 சதவீதம் காரணம் பற்றி எதுவுமே சொல்லவில்லை. கருத்துச் சொன்னவற்றில்தான் 97 சதவீதம் மனிதக் காரணத்தை ஏற்றன. மௌனமாக இருந்தவற்றை மறுப்பாக எண்ணுவதும் தவறு, ஏற்பாக எண்ணுவதும் தவறு.

நிபுணர் யார் என்பதற்கு 2009-ல் வந்த ஒரு கருத்துக்கணிப்பு நல்ல விளக்கம். 3,146 புவி அறிவியலாளர்களிடம், வெப்ப உயர்வில் மனிதர்களுக்குக் கணிசமான பங்கு உண்டா என்று கேட்டார்கள். கனிம வளங்களை ஆராயும் பொருளாதாரப் புவியியலாளர்களில் 47 சதவீதமும், வானிலையாளர்களில் 64 சதவீதமும் ஆம் என்றார்கள். காலநிலையையே ஆராய்ந்து, அதிலேயே அதிகம் எழுதுகிற 77 பேரில் 75 பேர் ஆம் என்றார்கள். அந்தக் கேள்வியோடு அன்றாடம் புழங்கப் புழங்க சம்மதம் கூடுகிறது.

கேள்வி: டம்ளரில் ஐஸ் கரைந்தால் தண்ணீர் மட்டம் ஏறாதே. கடல் மட்டும் ஏன் ஏறும்? (பள்ளி மாணவர், தஞ்சாவூர்)

நல்ல கேள்வி. வீட்டிலேயே பாருங்கள். இரண்டு ஒரே மாதிரிக் கண்ணாடி டம்ளர். ஒன்றில் முக்கால் அளவு தண்ணீர் ஊற்றி மூன்று ஐஸ் கட்டிகளை மிதக்கவிடுங்கள். இன்னொன்றில் தண்ணீருக்கு மேலே தலை நீட்டுகிற மாதிரி ஒரு கல்லை வைத்து, அதன்மேல் மூன்று கட்டிகளை அடுக்குங்கள். மட்டத்தைப் பேனாவால் குறித்துவிட்டு, கரைந்தபின் பாருங்கள். முதலாவது ஏறாது, இரண்டாவது ஏறும். முதல் டம்ளரில் தண்ணீர் குறைவாக இருந்து ஐஸ் அடியைத் தொட்டால் சோதனை கெட்டுவிடும். அது மிதக்கவில்லை, உட்கார்ந்திருக்கிறது. அப்போது அதிலும் மட்டம் ஏறும்.

ஆர்க்டிக் கடல்பனி முதல் டம்ளர். கிரீன்லாந்தும் அண்டார்டிகாவும் கல்மேல் இருக்கும் ஐஸ். தவிர, நீர் சூடேறினாலே விரியும். 1971 முதல் 2018 வரை கடல் உயர்ந்ததில் பாதி அதனால் வந்தது.

கேள்வி: அப்படியானால் விஞ்ஞானிகளுக்குள் கருத்து வேறுபாடே இல்லையா? (வாசகர், புதுச்சேரி)

நிறைய உண்டு. கார்பன் டை ஆக்சைடு இரட்டிப்பானால் எவ்வளவு சூடாகும் என்பதில் 1979-ல் ஜூல் சார்னி தலைமையிலான குழு 1.5 முதல் 4.5 டிகிரி என்றது. நாற்பது ஆண்டுகளுக்கும் மேல் உழைத்து, 2021-ல் அதை 2.5 முதல் 4 வரை என்று சுருக்கியிருக்கிறார்கள். சூடு கூடும்போது மேகங்கள் எப்படி மாறும் என்பதுதான் பெரிய சிக்கல். மூன்று டிகிரிக்கும் நான்கு டிகிரிக்கும் உள்ள வித்தியாசம் மிகப் பெரியது; சண்டை அங்கே நடக்கிறது, ‘சூடாகிறதா இல்லையா’ என்பதில் அல்ல.

கேள்வி: வாட்ஸ்ஆப்பில் வரும் வரைபடம் பொய்யா மெய்யா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? (வாசகி, சேலம்)

முதலில் தொடங்கும் ஆண்டைப் பாருங்கள். 1998-லோ 2016-லோ தொடங்கினால் எச்சரிக்கை. இரண்டுமே கடும் எல் நினோ ஆண்டுகள், அதாவது பசிபிக் கடல் சூடேறி உலக வெப்பநிலையைத் தற்காலிகமாகத் தூக்கிவிட்ட ஆண்டுகள். மலையுச்சியில் நின்று பார்த்தால் அப்புறம் எல்லாம் இறக்கமாகத்தான் தெரியும். முப்பது ஆண்டுக்குக் குறைந்த வரைபடத்தை ஒதுக்கி வையுங்கள். அடுத்து இடப்பக்க அளவுகோல்: பூஜ்யத்திலிருந்து நூறு வரை போட்டால் ஒரு டிகிரி உயர்வு தட்டையான கோடாகிவிடும். அடுத்து, உலகமா ஓரிடமா?

அடிக்கடி சுற்றும் ஒரு படத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். கிரீன்லாந்தில் ஜிஸ்ப்-2 என்ற இடத்தில் துளையிட்டு எடுத்த பனித்தண்டின் பத்தாயிரம் ஆண்டு வெப்பநிலை. கடைசியில் ‘இன்று’ என்று அம்புக்குறி. பழைய காலமெல்லாம் ‘இன்றை’விடச் சூடு. கீழ் அச்சில் ‘தற்காலத்துக்கு முன்’ என்று எழுதியிருக்கும். இத்துறையில் ‘தற்காலம்’ என்பது 1950-ஐக் குறிக்கும். அந்தத் தொகுப்பின் கடைசிப் புள்ளி அதற்கும் 95 ஆண்டுகள் முந்தியது. 1950-இல் 95-ஐக் கழியுங்கள்: 1855. அம்புக்குறி காட்டும் ‘இன்று’ அதுதான்.