காகிதப் பையும் கேடுதானா? (கடிதம்)

அன்புள்ள ஐயா,

திண்டுக்கல்லில் மளிகைக்கடை வைத்திருக்கிறேன். 2019-இல் பிளாஸ்டிக் தடை வந்ததும் கேரி பேக்கை நிறுத்திவிட்டுக் காகிதப் பைக்கு மாறினேன். செலவு பல மடங்கு ஆனாலும் நல்ல காரியம் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். இப்போது கல்லூரியில் படிக்கும் என் மகள், காகிதப் பைதான் பூமிக்கு அதிகக் கேடு என்று ஆய்வே இருக்கிறது என்கிறாள். இத்தனை வருடமாகக் கொடுத்த காசு வீண்தானா?

– ஒரு வாசகர், திண்டுக்கல்

அன்புள்ள நண்பருக்கு,

வீணில்லை. ஆனால் உங்கள் மகள் சொல்வதிலும் உண்மை இருக்கிறது.

அவர் படித்தது, பிரிட்டனின் சுற்றுச்சூழல் முகமை 2011-இல் வெளியிட்ட அறிக்கையாக இருக்கலாம். புவி வெப்பமாதலை வைத்துக் கணக்கிட்டால், ஒரு காகிதப் பையை மூன்று முறையாவது பயன்படுத்தினால்தான் மெல்லிய பிளாஸ்டிக் பையை ஒருமுறை பயன்படுத்தி எறிவதற்கு அது ஈடாகும் என்கிறது அறிக்கை. காரணம் எடையிலேயே தெரிகிறது. அவர்கள் எடுத்துக்கொண்ட பிளாஸ்டிக் பை சுமார் 8 கிராம். காகிதப் பை 55 கிராம். அதே சாமானைச் சுமக்க ஏறத்தாழ ஏழு மடங்கு பொருள் வேண்டும். அதை உற்பத்தி செய்யவும் லாரியில் ஏற்றி அனுப்பவும் அதற்கேற்ற செலவு.

காகிதம் உருவாகும் விதத்தைப் பார்த்தால் இன்னும் புரியும். மரச்சில்லுகளைக் காஸ்டிக் சோடாவும் சோடியம் சல்பைடும் கலந்த கரைசலில் அழுத்தமும் வெப்பமும் கொடுத்து வேகவைக்கிறார்கள். நார்களைப் பிணைத்திருக்கும் லிக்னின் கரைந்து கருஞ்சாறாக வடிகிறது. எஞ்சிய நாரைத் திரும்பத் திரும்ப அலச வேண்டும். தாளாக்கிய பிறகு அந்த ஈரத்தையெல்லாம் நீராவியால் உலர்த்த வேண்டும். நம் நாட்டில் பழுப்புத் தாளைப் பெரும்பாலும் பழைய அட்டைப்பெட்டிகளைக் கரைத்தே செய்கிறார்கள். கரூர் மாவட்டம் புகளூர் ஆலை கரும்புச் சக்கையிலிருந்து காகிதம் எடுக்கிறது. இவற்றால் மரம் தப்புகிறது, மகிழ்ச்சிதான். ஆனால் தண்ணீரும் உலர்த்தும் எரிபொருளும் இங்கேயும் வேண்டும். மறுசுழற்சிக்குப் போகும் ஒவ்வொரு முறையும் நார் குட்டையாகி வலுவிழக்கிறது. அதனால் அதையும் முடிவில்லாமல் செய்ய முடியாது.

இனி, அந்த அறிக்கை கணக்கில் சேர்க்காததைச் சொல்கிறேன். தெருவில் எறியப்பட்ட பை என்ன செய்கிறது என்பதை அது பார்க்கவில்லை. நமக்கோ அதுதான் பெரிய கேள்வி. சந்தை முடிந்த மாலையில் உங்கள் ஊர்ச் சாக்கடையோரம் மாடுகள் எதை மென்றுகொண்டிருக்கின்றன என்று உங்களுக்கே தெரியும். இரைப்பையில் பந்தாகத் திரளும் பாலித்தீன் வெளியேறுவதில்லை. வங்கதேசம் 2002-இல் மெல்லிய பாலித்தீன் பைகளைத் தடைசெய்ததற்கு, 1988, 1998 வெள்ளங்களில் அவை வடிகால்களை அடைத்துக்கொண்டது முக்கியமான காரணம். காகிதப் பை மழையில் நனைந்து சில வாரங்களில் மட்கிவிடும். குப்பை ஒழுங்காக அள்ளப்படாத நாட்டில் இந்த ஒரு குணத்துக்காகவே பிளாஸ்டிக்கைவிடக் காகிதத்தைத் தேர்வேன். அதில் எனக்குத் தயக்கமே இல்லை.

ஆனால் எல்லாக் காகிதப் பையும் மட்கிவிடும் என்று சொல்ல முடியாது. ஜவுளிக்கடையில் கொடுக்கும் பளபளப்பான பையின் ஓரத்தைக் கிழித்துப் பாருங்கள். தாள் கிழிந்த பிறகும் மேலே ஒட்டிய மெல்லிய படலம் கிழியாமல் இழுபடும். அது பிளாஸ்டிக். கைப்பிடிக் கயிறும் பெரும்பாலும் செயற்கை இழைதான். காகிதம் என்ற பெயரில் அப்படியொன்றை உங்கள் கடையில் வைக்காதீர்கள். பூச்சில்லாத பழுப்புப் பை போதும்.

துணிப்பையிலும் எச்சரிக்கை வேண்டும். அதே அறிக்கை பருத்திப் பைக்குச் சொன்ன எண்ணிக்கை 131 முறை. வாரம் ஒருமுறை கடைக்குக் கொண்டுவந்தால் இரண்டரை ஆண்டு. திருமண வீட்டில் கொடுக்கும் நம் மஞ்சள்பை அவர்கள் எடைபோட்ட பையைவிட மெல்லியது, அதனால் அந்தக் கணக்கை அப்படியே பொருத்த முடியாது. ஆனாலும் விழாவுக்கு விழா இலவசமாக வாங்கி அலமாரியில் அடுக்கி வைத்தால், விளைந்த பருத்திக்கு நியாயம் செய்ததாகாது. அரசு 2021 டிசம்பரில் தொடங்கிய மீண்டும் மஞ்சப்பை இயக்கத்தை நான் மனதார வரவேற்கிறேன். அது பை விநியோகமாகச் சுருங்கிவிடக் கூடாது என்பதே என் கவலை.

உங்களால் செய்யக்கூடியது ஒன்று உண்டு. பையைச் சாமானோடு சேர்த்துக் கொடுக்காமல், பில்லில் தனி வரியாக விலை போடுங்கள். அயர்லாந்தில் 2002-இல் ஒரு பிளாஸ்டிக் பைக்கு 15 சென்ட் வரி விதித்ததும் பயன்பாடு தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் சரிந்தது. இலவசமாக வரும்வரை எவரும் பையை எண்ணுவதில்லை. வாடிக்கையாளர் கோபித்துக்கொள்வார் என்ற பயம் எனக்குப் புரிகிறது. பழைய பையைத் திருப்பிக் கொண்டுவந்தால் அந்தக் காசைக் கழித்துவிடுங்கள். கிழியாத பையை அடுத்தவருக்குப் பாதி விலையில் கொடுக்கலாம். மாதம் எத்தனை பைகள் வெளியே போகின்றன என்று குறித்து வைக்கும் பொறுப்பை உங்கள் மகளிடமே விடுங்கள். எண்ணிக்கை குறைகிறதா என்று ஆறு மாதம் கழித்து எழுதுங்கள், காத்திருக்கிறேன்.