ஊகத்தில் என்ன ஆபத்து?

கே: காரில் ஹசார்ட் லைட் என்றால் ஆபத்து விளக்கு. ஆங்கிலப் பேப்பரில் 'ஹசார்ட் எ கெஸ்' என்று வருகிறதே, ஊகிப்பதில் என்னங்க ஆபத்து?

ப: தப்பாகிவிட்டால் மானம் போகுமே, அதுதான்! ஹசார்ட் முதலில் ஒரு பகடை ஆட்டத்தின் பெயர், பழைய பிரெஞ்சு வழியாக இங்கிலாந்துக்குப் போய் 14-ஆம் நூற்றாண்டிலேயே அங்கே ஊரறிந்த சூதாட்டமாக இருந்தது. காசை வைத்து உருட்டுகிற அந்தச் சங்கதிதான் 'பணயம் வைப்பது', அப்புறம் 'ஆபத்து' என்று வளர்ந்தது. வினைச்சொல்லாக வந்தால், கையில் ஆதாரம் இல்லை, இருந்தாலும் சொல்லிப் பார்க்கிறேன் என்ற தொனி. 'குத்துமதிப்பா 40 வயசிருக்கும்' என்போமே, அந்த இடம். கணக்குப் போட்டுச் சொல்வதற்கு இதைப் போடாதீர்கள், அதற்கு எஸ்டிமேட் இருக்கிறது.