ஒரே வரியில் மாற்றிவிடலாமா?

கேள்வி: எங்கள் சிற்றிதழின் தளம் வேர்ட்பிரஸ் மென்பொருளில் இருக்கிறது. இதழின் பெயரை மாற்றிவிட்டோம். பழைய பெயர் சுமார் 900 கட்டுரைகளிலும் பக்கப்பட்டியிலும் கிடக்கிறது. ஏபிஐ (வேர்ட்பிரஸே தரும் நிரல் வாசல்) வழியாகப் போனால் நாளாகும், டேட்டாபேஸைத் திறக்கும் பிஎச்பிமைஅட்மின் கருவியில் நுழைந்து டேட்டாபேஸிலேயே ஒரே வரியில் மாற்றிவிடலாம் என்கிறான் என் தம்பி. செய்யலாமா சார்?
– வாசகி, கும்பகோணம்

பதில்: அந்த வரியை இப்போதைக்கு ஓட்ட வேண்டாம் அம்மா.

கட்டுரைகள் இருக்கும் அட்டவணையில் தம்பி சொல்வது நடக்கும். அங்கே இருப்பது வெறும் உரை. ஆபத்து இருப்பது ஆப்ஷன்ஸ், போஸ்ட்மெட்டா என்ற அட்டவணைகளில். பக்கப்பட்டி, தீம் அமைப்புகளை வேர்ட்பிரஸ் அங்கே சீரியலைஸ் செய்து, அதாவது பல மதிப்புகளை ஒரே சரமாகக் கட்டி, ஒவ்வொரு சொற்சரத்துக்கு முன்னும் அதன் நீளத்தை எழுதி வைக்கிறது. அந்த நீளம் எழுத்துக் கணக்கல்ல, பைட் (கணினியின் சேமிப்பு அலகு) கணக்கு. எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ‘த’வுக்கு 3 பைட், புள்ளிக்கும் கொம்புக்கும் தனித்தனியே 3. ‘தமிழ்’ நமக்கு மூன்றெழுத்து, அதற்கு 15. ‘செய்தி’யும் மூன்றெழுத்துதான், ஆனால் 18. ‘தமிழ்’ இருந்த இடத்தில் ‘செய்தி’ வரவேண்டுமென்றால், தம்பியின் வரி சொல்லை மாற்றும், முன்னால் நிற்கும் 15ஐ மாற்றாது. அடுத்து, வேர்ட்பிரஸ் எழுதப்பட்ட மொழியான பிஎச்பி அதைப் பிரிக்கும்போது கணக்கு உதைக்கும். அந்த அமைப்பு மொத்தமும் போய்விடும்.

2019இல் ஒரு வார இதழின் தளத்தில் இதே வேலையை இதே வழியில் செய்தேன். கட்டுரைகள் சரியாக வந்தன, பக்கப்பட்டிகள் எல்லாம் வெறுமையாயின. முந்தைய இரவின் பேக்கப்பை ஏற்றினோம்; அன்று பகலில் ஆசிரியர் குழு ஏற்றிய ஏழு கட்டுரைகள் போயின. அந்த வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது.

முதலில் டேட்டாபேஸை முழுதாக எக்ஸ்போர்ட் செய்து வையுங்கள். பிறகு, வேர்ட்பிரஸைக் கட்டளைகளால் இயக்கும் டபிள்யூபி-சிஎல்ஐ கருவியில் உள்ள சர்ச்-ரீப்ளேஸ் கட்டளை. அதுவும் ஏபிஐயைத் தாண்டி நேரே டேட்டாபேஸில்தான் எழுதுகிறது. ஆனால் சீரியலைஸ் ஆனதைப் பிரித்து, மாற்றி, நீளத்தைப் புதிதாக எண்ணிக் கட்டும். ட்ரை-ரன் போட்டால் எதையும் தொடாமல் எத்தனை இடம் மாறும் என்று மட்டும் காட்டும். முடிந்ததும் கேஷை (வேகத்துக்காகத் தளம் எடுத்து வைத்திருக்கும் பழைய நகலை) அழியுங்கள். தேடலுக்குத் தனி ப்ளக்இன் (துணை நிரல்) இருந்தால் அதன் இன்டெக்ஸையும் புதுப்பிக்க வேண்டும். ஏனென்றால், கட்டுரையைச் சேமிக்கும்போது தானே ஓடும் வேலைகள் இந்த வழியில் ஓடாது.

இன்னொன்று, நம் மொழிக்கே உரியது. பெயர் ‘மலர்’ என்று மெய்யில் முடிந்தால், தேடலில் ‘மலரில்’, ‘மலருக்கு’ சிக்காது, புள்ளி போய்விடுகிறதே! அப்படி எத்தனை வடிவங்கள் இருக்கின்றன என்று தம்பி செலக்ட் (படிக்க மட்டும் செய்யும் கட்டளை) ஓட்டி எண்ணித் தரட்டும். படிப்பதற்கு நேரே டேட்டாபேஸுக்குள் போவதில் எனக்குத் தடையே இல்லை.