இரண்டு பேர், ஒரு கட்டுச் சீட்டு: ப்ளாக்ஜாக் கேள்விகளுக்கு அக்காவின் பதில்கள்

சீனப் பெருநாள் விடுமுறை வருகிறது, சுங்கை சிப்புட்டில் பாதி வீடுகளில் சீட்டுக்கட்டு அலமாரியை விட்டு இறங்கும். அதனால் கேள்விகளை அனுப்பச் சொல்லியிருந்தேன். என்னைத் தெரியாதவர்களுக்கு: தோட்டத்து லயத்தில் வளர்ந்தவள், ஒன்பது வருடம் கப்பல் கேசினோவில் சீட்டு போடும் டீலராக இருந்தேன், இப்போது ஊரோடு வந்துவிட்டேன். ப்ளாக்ஜாக் மட்டும் கேளுங்கள். நான்கு நம்பர் லாட்டரி, குதிரைப் பந்தயம், அதெல்லாம் நான் தொடுவதில்லை. இன்னொன்று, பழகும்போது காசு வைக்காதீர்கள். ஒரு பொட்டலம் குவாச்சி, அதாவது கொறிக்கும் விதை, வாங்கி ஆளுக்கு ஐம்பது எண்ணிக் கொடுங்கள், அது போதும்.

கேள்வி (லிந்தாங், புதிதாகக் கல்யாணமான தங்கை): அக்கா, வீட்டில் நானும் அவரும் மட்டும்தான். ரெண்டு பேரை வைத்து இதைப் பழக முடியுமா? அடிப்படையிலிருந்து சொல்லுங்கள்.

முடியும்மா. கூட்டத்தில் உட்கார்ந்து பழகுவதைவிட இதுதான் நல்லது, ஒவ்வொரு சீட்டும் உங்கள் கண்ணில் படும்.

எல்லோரும் ஆடுவது டீலருக்கு எதிராகத்தான், பக்கத்தில் இருப்பவருக்கு எதிராக அல்ல. 2 முதல் 10 வரை சீட்டில் உள்ள எண்ணே மதிப்பு. ஜாக்கி, ராணி, ராஜா மூன்றும் 10. ஏஸ் 1 அல்லது 11, எது உங்களுக்கு வசதியோ அது. உங்களுக்கு இரண்டு சீட்டு, டீலருக்கு இரண்டு, டீலருடையதில் ஒன்று திறந்திருக்கும், ஒன்று கவிழ்ந்திருக்கும். 21-ஐத் தாண்டாமல் டீலரைவிட அதிகம் வைத்திருந்தால் வெற்றி, சமமாக வந்தால் வைத்தது திரும்ப வரும். தாண்டினால் பஸ்ட், எங்கள் லயத்தில் 'வெடிச்சிருச்சு' என்போம். டீலருக்குச் சொந்தமாக முடிவெடுக்கும் வேலையே இல்லை, 16 வரை எடுத்தே ஆக வேண்டும், 17 வந்தால் நிற்க வேண்டும். முதல் இரண்டு சீட்டே ஏஸும் பத்தும் (படச் சீட்டும் பத்துதான்) என்றால் அதுதான் ப்ளாக்ஜாக், ஏறக்குறைய 21 கைக்கு ஒரு தடவை வரும், வைத்ததற்கு ஒன்றரைப் பங்கு கிடைக்கும்.

இப்போது உங்கள் வீட்டுக்கு வருவோம். ஒருவர் பேங்கர், அதாவது டீலர், இன்னொருவர் தனக்கு முன்னால் இரண்டு இடம் போட்டு இரண்டு கையையும் ஆடட்டும். ஒரு கைக்குச் சராசரியாக 2.7 சீட்டு போகும், ஆகவே இரண்டு கையும் டீலரும் சேர்ந்து ஒரு சுற்றுக்கு எட்டு சீட்டு. நான்கு சுற்று ஆடிவிட்டுக் கட்டைக் கலைத்து மறுபடி வெட்டுங்கள், அடிவரை போகாதீர்கள். அதே நேரத்தில் பேங்கரையும் மாற்றிவிடுங்கள். பேங்கருக்கு எப்போதும் ஒரு கை மேல்: நீங்கள் முதலில் வெடித்தால் குவாச்சி அப்போதே போய்விடும், பின்னால் டீலரும் வெடித்தாலும் திரும்பி வராது. கேசினோ பிழைப்பதே இந்த ஓர் இடத்தில்தான். ஒருவரே நாள் முழுக்க பேங்கராக இருந்தால் மற்றவர் 'எனக்கு ராசி இல்லை' என்று எழுந்து போய்விடுவார், ராசிக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

கேள்வி (கோலகங்சார் தம்பி): ஏஸ் ஒன்றா, பதினொன்றா?

மேலே இருக்கிறது தம்பி.

கேள்வி (ஈப்போ, கல்லூரி மாணவர்): எப்போது எடுப்பது, எப்போது நிற்பது? மனப்பாடம் செய்கிற மாதிரி சொல்லுங்க அக்கா.

டீலரின் திறந்த சீட்டைப் பார்த்துப் பழகுங்கள், உங்கள் கையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் நூறு வருடம் ஆனாலும் வராது. டீலரிடம் 2 முதல் 6 வரை தெரிந்தால் அது பலவீனமான கை. 6 தெரியும்போது நூற்றுக்கு ஏறக்குறைய 42 தடவை டீலர் வெடிப்பார். அப்போது உங்கள் கையில் 13 முதல் 16 இருந்தால் நில்லுங்கள். 12 மட்டும் தனி: 4, 5, 6-க்கு எதிரே நில்லுங்கள், 2, 3-க்கு எதிரே எடுங்கள். டீலரிடம் 7 அல்லது அதற்கு மேல் தெரிந்தால் 17 வரும்வரை எடுக்க வேண்டியதுதான்.

11 வந்தால் வைத்ததை இரட்டிப்பாக்கி ஒரே ஒரு சீட்டு எடுங்கள். 10 வந்தாலும் அப்படித்தான், டீலரிடம் 10-ஓ ஏஸோ தெரியாதவரை. ஜோடி ஏஸ், ஜோடி 8 இரண்டையும் எப்போதும் இரண்டு தனிக் கையாகப் பிரியுங்கள், ஜோடி 10, ஜோடி 5 இரண்டையும் பிரிக்கவே பிரிக்காதீர்கள். ஏஸும் 6-ம் சேர்ந்து 17 ஆனால் நிற்காதீர்கள், அதில் ஒரு சீட்டு எடுத்தால் வெடிக்கவே வெடிக்காது.

எல்லோரும் தடுமாறுவது 16 வைத்துக்கொண்டு டீலரின் 10-ஐப் பார்க்கும்போதுதான். எடுத்தால் 13 வகைச் சீட்டில் 8 வகை வெடிக்கும், பயம் நியாயம்தான். நின்றால் மட்டும் என்ன? நான்கில் ஒரு தடவைகூட ஜெயிக்க மாட்டீர்கள். இரண்டுமே கெட்ட வழி, எடுப்பது கொஞ்சம் குறைவாகக் கெட்டது. இந்தக் கணக்கை 1956-இல் அமெரிக்க ராணுவத்தின் அபர்டீன் சோதனைத் தளத்தில் இருந்த நான்கு பேர் மேசைக் கணக்குப் பொறியில் தட்டித் தட்டி முதன்முதலில் கண்டுபிடித்து வெளியிட்டார்கள். யாருடைய குடும்ப ரகசியமும் அல்ல, எழுதி ஐஸ்பெட்டியில் ஒட்டிவையுங்கள்.

கேள்வி (சலாக், பெயர் போட வேண்டாம் என்றவர்): எந்த ஆப்பில் காசு வைத்து ஆடலாம்?

எதிலும் வேண்டாம். குவாச்சி.

கேள்வி (ஈப்போ, அதே மாணவர்): டீலருக்கு ஏஸ் வந்தால் இன்சூரன்ஸ் எடுக்கலாமா?

இது எனக்குப் பிடித்த கேள்வி, இரண்டு பேர் மேசையில்தான் இதற்குச் சுவையே. டீலரின் கவிழ்ந்த சீட்டு பத்து என்று பந்தயம் கட்டுகிறீர்கள், ஒன்றுக்கு இரண்டு தருவார்கள். மூன்றில் ஒரு தடவை பத்து வந்தால்தான் கணக்கு சமம். ஒரே கட்டு, டீலரின் ஏஸ் மட்டும் தெரியும் என்றால் மீதி 51 சீட்டு. 17 பத்து இருந்தால் சமம், இருப்பதோ 16. ஆகவே எடுக்காதீர்கள்.

ஆனால் புதிதாகக் கலைத்த ஒரே கட்டு, முதல் சுற்று, உங்கள் இரண்டு சீட்டும் பக்கத்தவரின் இரண்டு சீட்டும் திறந்தே இருக்கின்றன, நான்கில் ஒரு பத்துகூட இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்போது மீதி 47-இல் 16, மூன்றில் ஒன்றைத் தாண்டிவிட்டது! அங்கே எடுக்கலாம். ஆறு கட்டுகளைச் சேர்த்து ஆடும் கேசினோ மேசையில் அந்த நான்கு சீட்டு கணக்கை அசைக்காது, அங்கே எடுக்காதீர்கள்.

கேள்வி (பஸ் ஸ்டேஷன் பக்கத்து அங்கள்): அம்மா, நீ சொல்வதெல்லாம் சரி, ஆனால் கடைசியில் உட்காருகிறவன் தப்பாக ஆடினால் எல்லோருக்கும் நாசம். போன வருடம் 18 வைத்து நின்றேன், டீலருக்கு 6. பக்கத்தில் ஒரு பொம்பளை 12-க்கு சீட்டு கேட்டு ஒரு ராஜாவை எடுத்து வெடித்தது. டீலர் 16-ஐத் திறந்து அடுத்து 5 எடுத்து 21. அந்த ராஜா டீலருக்குப் போயிருந்தால் எனக்கு ஜெயம். முந்நூறு வெள்ளி போச்சு.

அங்கள், அந்தப் பெண்மணி ஆடியது தப்புதான், 6-க்கு எதிரே 12 என்றால் நிற்க வேண்டும். ஆனால் அந்தத் தப்பின் விலை அவருடையது, உங்களுடையது அல்ல. கட்டின் மேலே இருந்த இரண்டு சீட்டு ராஜாவும் 5-ம். முதலில் ராஜா இருந்ததால் அவர் எடுத்தது உங்களைக் கெடுத்தது. முதலில் 5 இருந்து அடுத்து ராஜா இருந்திருந்தால், அதே பெண்மணி அதே தப்பைச் செய்து உங்களைக் காப்பாற்றியிருப்பார். கலைத்த கட்டில் இந்த இரண்டு வரிசைக்கும் வாய்ப்பு சமம். காப்பாற்றியவர் யார் முகமும் ஞாபகம் இருக்காது, கெடுத்தவர் முகம் வருடக்கணக்கில் இருக்கும்.

அங்கள் மறுபடியும்: அப்படியென்றால் இன்சூரன்ஸ் கேள்விக்குப் பக்கத்து ஆள் சீட்டைப் பார் என்று நீயே சொன்னாயே? பாதிக்குது என்றுதானே அர்த்தம்?

நல்ல பிடி, அங்கள். இரண்டும் வேறு வேறு. அவர் கையில் திறந்து கிடக்கும் சீட்டு உங்களுக்குத் தகவல், அதை வைத்து உங்கள் முடிவை மாற்றலாம். அவர் எடுக்கிறாரா நிற்கிறாரா என்பது யாருக்கும் தெரியாத அடுத்த சீட்டை ஓர் இடம் தள்ளுகிறது, அவ்வளவுதான். தெரியாத சீட்டுக்குப் பதில் இன்னொரு தெரியாத சீட்டு.

லிந்தாங் தங்கை: அக்கா, அவரும் அங்கள் பக்கம்தான். நேற்று இதற்காகவே சண்டை.

கோலகங்சார் தம்பி: நானும் அங்கள் பக்கம்.

சரி, எல்லோருமே அங்கே என்றால் வீட்டிலேயே பார்த்துவிடுங்கள். கிழித்த நாள்காட்டித் தாளின் பின்பக்கம் இரண்டு கட்டம் போடுங்கள். கடைசிக் கைக்கு வேண்டுமென்றே தப்பாக, 12 வந்தால் எப்போதும் ஒரு சீட்டு மட்டும் எடுத்து ஆடுங்கள். டீலர் முடித்த பிறகு, அந்தச் சீட்டை எடுக்காமல் இருந்திருந்தால் முதல் கைக்கு என்ன நடந்திருக்கும் என்று சீட்டை நகர்த்திப் பாருங்கள். கெடுத்தது ஒரு கோடு, காப்பாற்றியது ஒரு கோடு, மாறவில்லை என்றால் ஒன்றும் போடாதீர்கள். நானும் வீட்டுக்காரரும் இதைப் பின்கட்டுச் சமையலறை மேசையில் செய்தோம், முறுக்கு எண்ணெய் பட்டுச் சீட்டெல்லாம் பிசுபிசுத்துப் போனது. முதல் பத்துக் கோடு வரைக்கும் அவர் சிரித்துக்கொண்டே இருந்தார், 'கெடுத்தது' கட்டம் முன்னால் போய்க்கொண்டிருந்தது. அதன் பிறகு இரண்டும் மாறி மாறி முந்தின, அவரும் பேச்சை நிறுத்திவிட்டு எண்ண ஆரம்பித்தார்.

இதில் நான் இவ்வளவு பிடிவாதமாக நிற்பதற்குக் காரணம் இருக்கிறது. கப்பலில் ஒரு ராத்திரி என் மேசையில் இரண்டே பேர். ஒருவர் பழைய ஆள், இன்னொருத்தி முதல் தடவை உட்கார்ந்த பெண், இருபத்திரண்டு வயது இருக்கும். 13-க்கு ஒரு சீட்டு கேட்டாள். டீலர் கை 20 ஆனது. பக்கத்தில் இருந்தவர் அவளைப் பார்த்துக் கத்திய கத்தலில் அவள் கை நடுங்கிப் போய், மீதி சிப்ஸைக்கூட எண்ணாமல் பையில் அள்ளிப் போட்டுக்கொண்டு எழுந்து போனாள். நான் டீலர், வாயைத் திறக்க முடியவில்லை. அந்தக் கணக்கு அவருக்குத் தெரிந்திருந்தால் அவள் இன்னும் பத்து நிமிடம் உட்கார்ந்து பழகியிருப்பாள்.

கேள்வி (சலாக், பெயர் போட வேண்டாம் என்றவர்): சீட்டு எண்ணுவது சொல்லித் தருவீர்களா?

2 முதல் 6 வந்தால் ஒன்று கூட்டு, 10-ம் படச் சீட்டும் ஏஸும் வந்தால் ஒன்று கழி, 7, 8, 9-ஐ விடு. எண்ணி ஜெயிக்கலாம் என்று 1962-இல் புத்தகம் போட்டு உலகத்துக்குச் சொன்னவர் எட்வர்ட் தோர்ப் என்ற கணிதப் பேராசிரியர். மெஷின் ஓயாமல் கலைத்துக்கொண்டே இருக்கும் மேசையில் எண்ணுவதற்கு ஒன்றும் இல்லை. நீங்கள் போன கேள்வியில் ஆப் கேட்டவர் என்பதால் சொல்கிறேன், முதலில் மேலே சொன்ன அட்டவணையைத் தப்பில்லாமல் ஆடுங்கள், குவாச்சி வைத்து. ஆப்பில் ஆரம்பித்து கந்துவட்டி ஆலோங்கிடம் போய் நின்ற வீடுகள் நம் ஊரிலேயே இருக்கின்றன.

கேள்வி (ஈப்போ, மாணவரின் அக்கா): சீன நண்பர் வீட்டில் பெருநாளன்று ஆடும் பான் லக்கும் இதுதானா?

உறவு உண்டு, ஒன்று அல்ல. அங்கே ஐந்து சீட்டு எடுத்து வெடிக்காமல் இருந்தால் கூடுதல், இரண்டு ஏஸ் வந்தால் அதைவிடக் கூடுதல். குறைந்தது 16 வர வேண்டும், முதல் இரண்டு சீட்டிலேயே 15 வந்தால் தப்பித்துக்கொள்ளலாம் என்று பல வீடுகளில் உண்டு. ஏஸின் மதிப்பும் சீட்டு எண்ணிக்கையைப் பொறுத்து மாறும். வீட்டுக்கு வீடு வேறு, சீட்டு போடுவதற்கு முன்னால் கேட்டுக்கொள்ளுங்கள். நான் மேலே சொன்ன அட்டவணை அங்கே செல்லாது.

கேள்வி (தைப்பிங், தம்பி): அக்கா, ஏஸ் பதினொன்றாகவே இருக்குமா?

ஏற்கனவே சொல்லியாகிவிட்டது. அடுத்தவர்.

கேள்வி (லிந்தாங் தங்கையின் வீட்டுக்காரர்): பழகிய பிறகு கெந்திங் மலைக்குப் போனால் ஆள் குறைந்த மேசையாகப் பார்த்து உட்காருவது நல்லதுதானே?

தம்பி, 21 வயது ஆகியிருக்க வேண்டும், முஸ்லிம் நண்பர்களைக் கூட்டிக்கொண்டு போக முடியாது, நம் நாட்டில் சட்டப்படி நடக்கும் கேசினோ கெந்திங் ஒன்றுதான். ஆள் குறைந்த மேசை பழகுவதற்கு நல்லது, காசுக்கு நல்லது அல்ல. நிறைந்த மேசையில் ஒரு மணி நேரத்துக்கு ஐம்பது, அறுபது கை ஓடும். இரண்டு பேர் என்றால் 130-ஐத் தாண்டும். கைக்கு 25 வெள்ளி வைத்து, அங்கங்கே தப்பு விட்டு 2 விழுக்காடு இழக்கிறீர்கள் என்று வையுங்கள்: 60 கைக்கு 30 வெள்ளி, 130 கைக்கு 65 வெள்ளி. அட்டவணையைப் பிசகாமல் ஆடினால் அந்த 2 விழுக்காடு அரை விழுக்காடு அளவுக்கு இறங்கும், ஆனால் ப்ளாக்ஜாக்குக்கு ஒன்றரைப் பங்கு தருகிற மேசையாக இருக்க வேண்டும். ஐந்துக்கு ஆறு என்று எழுதியிருந்தால் உட்காராதீர்கள், அந்த ஒரு வரியே கூடுதலாக ஏறக்குறைய 1.4 விழுக்காடு தின்னும். சீட்டு வேண்டும் என்றால் மேசையை விரலால் தட்டுங்கள், போதும் என்றால் உள்ளங்கையைக் கவிழ்த்து அசையுங்கள். மேலே கேமரா பார்ப்பது கையைத்தான், வாய்ச்சொல் அங்கே கணக்கில் வராது.

அங்கள், ராத்திரி பதினொன்றுக்கு: பேரனை வைத்து நாள்காட்டித் தாளில் கோடு போட்டோம். கெடுத்தது கொஞ்சம் கூடத்தான் இருக்கிறது.

எத்தனை கோடு அங்கள்?

அங்கள்: பதினொன்று.

காணாது அங்கள். பேரனைத் தூங்க விடுங்கள், தாளைப் பத்திரமாக வையுங்கள், நாளைக்கு மிச்சக் கோடுகளைப் போட்டுவிட்டு வாருங்கள்.