இளைஞர் முகாமில் வெளிநாட்டு மிஷனரிக்கு என்ன வேலை?

மிஷனரி என்றால் ஒரு சபையோ அமைப்போ ஊழியத்துக்காக அனுப்பி வைத்தவர். ‘அனுப்புதல்’ என்ற பொருளுள்ள லத்தீன் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. கிறிஸ்தவ இளைஞர் முகாமில் அவர் பெரும்பாலும் கூடமாட உதவுகிறவர்தான்: நாற்காலி போடுவார், விளையாட்டு நடத்துவார், பாத்திரம் கழுவுவார்.

ஏன் முகாமையே அவரிடம் விடுவதில்லை? முகாம் சில நாளில் முடிந்துவிடும். அப்புறம் பிள்ளைகளோடு இருக்கப் போவது உள்ளூர்த் தலைவர்கள். மிஷனரியின் வேலை, நின்றுபோன வண்டியைப் பின்னாலிருந்து தள்ளுகிற மாதிரி. ஸ்டியரிங் வேறொருவர் கையில்.

மொழியும் ஒரு காரணம். மொழிபெயர்ப்பாளரை வைத்துப் பேசினால் 20 நிமிடப் பேச்சு 40 நிமிடமாகும். நகைச்சுவை சொன்னால் அவருடைய மொழி தெரிந்த நாலு பேர் முதலில் சிரிப்பார்கள், மற்றவர்கள் தாமதமாக. ஆனால் இரவில் பக்கத்தில் நின்று தட்டு கழுவும் பையன், அரைகுறை வார்த்தைகளிலேயே மனம் திறந்து பேசுவான். என்னைக் கேட்டால் உண்மையான ஊழியம் அங்கேதான் நடக்கிறது.

சரி, விசா? பல நாடுகளில் சுற்றுலா விசாவில் மதப் பணி செய்ய முடியாது. முதலில் அதை விசாரியுங்கள்.

மிஷனரி என்றாலே போதகர் என்று பலர் நினைக்கிறார்கள். நர்ஸ், ஆசிரியர், மெக்கானிக்கூட மிஷனரியாகப் போகிறார்கள்.