தேயிலையை மூடும் கொடி சீந்திலா?

கேள்வி: ஐயா, எங்களுக்கு அரை ஏக்கர் தேயிலை இருக்கிறது. மேலே காடாகிப்போன தேயிலை மலையிலிருந்து ஒரு கொடி இறங்கி, ஓரத்து வரிசைகளை மூடிவிட்டது. அறுத்துக் கானில் (தண்ணீர் ஓடும் வடிகாலில்) போட்டோம். இப்போது கானெல்லாம் அதுதான். மாமியார் இது சீந்தில், மருந்துக்கு ஆகும் என்கிறார். வீட்டுக்காரர் களைக்கொல்லி மருந்தடிக்கச் சொல்கிறார். ஒரு துண்டு அனுப்பியிருக்கிறேன்.
- வாசகி, புசல்லாவை

பதில்: தங்கச்சி, நீங்கள் அனுப்பிய துண்டு சீந்தில் இல்லை. கணுவைப் பாருங்கள், இலைகள் எதிரெதிராக இரண்டிரண்டாக நிற்கின்றன. சீந்திலுக்கு ஒரு கணுவில் ஒரே இலைதான். அதன் முற்றிய தண்டு மரு மருவாக இருக்கும், மேலேயிருந்து நூல் போல வேர் தொங்கும். இரண்டுக்கும் இலை இதய வடிவம் என்பதால் மாமியார் அப்படி நினைத்திருப்பார். அவருக்கும் காட்டுங்கள், இதை யாரும் அவித்துக் குடித்துவிடக் கூடாது.

இது மைக்கானியா. மத்திய, தென் அமெரிக்கக் கொடி. நான் தோட்டத்தில் வேலையை மேற்பார்க்கும் கண்டக்டராக இருந்த காலத்தில் இதோடு மல்லுக்கட்டாத மழைக்காலமே கிடையாது. இது செடியின் சாற்றை உறிஞ்சுவதில்லை. மேலே படர்ந்து வெளிச்சத்தை மறைத்தே செடியைக் கொல்லும். கணு ஒன்று ஈரமண்ணைத் தொட்டால் போதும், அங்கே வேர் விடும். கானில் போட்டது முளைத்ததற்குக் காரணம் அதுதான்.

மேலேயிருந்து இழுக்காதீர்கள். கொழுந்தும் சேர்ந்து முறியும், கொடி துண்டு துண்டாகி மண்ணில் விழும். முதலில் தூரடியில் கையை விட்டு, தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில் கொடியை அறுத்துவிடுங்கள். மேலே உள்ளது வாடட்டும். மழை பெய்து மண் இளகியிருக்கும்போது அடிக்கட்டையை வேரோடு தோண்டுங்கள், தரையில் ஓடிய தண்டையும் கணு கணுவாகக் கிளப்பி எடுங்கள். எல்லாவற்றையும் உரச்சாக்கில் போட்டுக் கட்டி எடுத்துப்போய், பாறையிலோ தகரத்திலோ பரப்பி, கையில் நொறுங்கும்வரை காயவையுங்கள். பச்சையாக உரக்குழியில் போட வேண்டாம்.

இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை அந்த வரிசைகளில் நடந்து, புதிதாகத் தலைகாட்டுவதை அப்போதே பிடுங்குங்கள். சின்ன வெள்ளைப்பூ கொத்துக் கொத்தாக வருமுன் இதைச் செய்தாக வேண்டும். பூ விதையானால் மயிர் முளைத்த அந்தத் துளி விதை காற்றில் பறந்து அடுத்தவர் காணிக்கும் போய்விடும். கவ்வாத்து வெட்டிய வருடம் இன்னும் கவனம் வேண்டும், திறந்த வெளிச்சம் இதற்கு விருந்து. வெறும் மண் தெரியும் இடமெல்லாம் மானா புல்லோ கிளிரிசிடியா தழையோ பரப்பி மூடுங்கள். செத்த செடி இருந்த இடத்தில் கன்று வையுங்கள்.

மருந்து விஷயம். கிளைபோசேட் என்ற களைக்கொல்லியை இலங்கையில் 2015இல் தடைசெய்து, 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் திரும்ப அனுமதித்தார்கள். ஆனால் அனுமதி இருக்கிறது என்பதற்காகச் செடியைச் சுற்றியிருக்கும் கொடிக்கு அடித்தால், அது தேயிலை இலையிலும் படும், செடியும் கருகும். அரை ஏக்கருக்குக் கைதான் சரி. வீட்டுக்காரரையும் ஒரு ஓரத்திலிருந்து தொடங்கச் சொல்லுங்கள்.

எனக்கு மனவருத்தம் தருவது மேலே கிடக்கும் மலைதான். எத்தனையோ பேர் முதுகொடிய வளர்த்த தேயிலை அங்கே கொடிக்குள் மூச்சுமுட்டிக் கிடக்கிறது. அதை நீங்கள் ஒருவர் துப்புரவாக்க முடியாது. பக்கத்துக் காணிக்காரர்களோடு சேர்ந்து, எல்லையோரமாகப் பத்தடி அகலத்துக்காவது கொடியை வெட்டித் தோண்டி வைத்திருங்கள். காணி யாருடையதோ அவர்களிடம் முதலில் கேட்டுவிட்டு இறங்குங்கள்.

கேள்வி: கொடியின் வேரில் உப்புத்தண்ணீர் ஊற்றலாமா?
- வாசகர், நாவலப்பிட்டி

பதில்: வேண்டாம் தம்பி. மண் கெடும், பக்கத்துச் செடியும் வாடும். தோண்டுங்கள்.